தண்ணீர் வரும் நேரத்தில் பிடுங்கிய ஃபியூஸ்

வேலையை விட்டுப் போகிறவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்பது நம் அலுவலகத்துப் பழக்கம். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன் என்று அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டேன். உங்களில் சிலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்று தெரியும். வாசிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். தாராவியில் வளர்ந்தேன், கல்யாணத்துக்குப் பிறகு செம்பூர். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பதில் வாங்கி வருகிற இந்த வேலைக்கு இத்தனை கூச்சம் உள்ளவள் எப்படி வந்தாள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உண்மையில் கூச்சம்தான் எனக்குச் சோறு போட்டது. நான் சும்மா உட்கார்ந்திருந்தால் எதிரில் இருப்பவருக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். அந்த மௌனத்தை நிரப்புவதற்காகவே அவர் பேச ஆரம்பிப்பார். வேகமாகப் பேசுகிற பிள்ளைகளுக்குக் கிடைக்காத பதில்கள் எனக்குக் கிடைத்தது அப்படித்தான்.

கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது, டேப்லெட்டில் எங்கே தட்டுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு சந்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதில் நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொண்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்தச் சந்துக்கு என்னை அனுப்பிய ஆய்வுக்கு இரண்டு பேர் தலைமை. ஒருவர் சார், ஒருவர் மேடம். இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு மரியாதை உண்டு, ஒத்துப்போகத்தான் மாட்டார்கள். சார் சொல்வது இது: மனிதன் எதைச் செய்தாலும் தனக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் பார்த்துத்தான் செய்கிறான், அந்தக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டால் ஊர் ஏன் இப்படி நடக்கிறது என்று புரிந்துவிடும். மேடம் சொல்வது வேறு. மனிதன் தனியாக நின்று கணக்குப் பார்ப்பதில்லை, அவன் பிறப்பதற்கு முன்பே விதிகளும் வழக்கங்களும் அங்கே இருக்கின்றன, எதைக் கணக்குப் பார்ப்பது என்பதையே அவைதான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன என்பார். சார் பேசும்போது சார் சொல்வது சரியாகப்படும். மேடம் பேசும்போது மேடம் சொல்வது சரியாகப்படும். டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறும்போது இரண்டும் சேர்ந்து தலையைக் குழப்பும்.

எங்களுக்குக் கொடுத்த வேலை, தாராவியில் தண்ணீர்க் குழாயைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் தங்களுக்குள் என்ன விதி வைத்திருக்கின்றன, அதை யார் மீறுகிறார்கள் என்று பார்ப்பது.

எனக்கு வந்த சந்தில் எட்டு வீடுகள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு கனெக்‌ஷன். சந்து முனையிலிருந்து எட்டு மெல்லிய பைப்புகள் சாக்கடை ஓரமாகவே போய் ஒவ்வொரு வாசலிலும் ஏறும். மாலை நாலு மணி வாக்கில் தண்ணீர் வரும். முனை வீட்டுக்குத் தாராளமாக வரும், போகப் போகக் குறையும், கடைசி வீட்டுக்குக் கண்ணீர் மாதிரி வடியும். அதனால் எல்லாரும் சின்னச் சின்ன மோட்டார் வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு கையால் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம், அவ்வளவுதான் இருக்கும். மோட்டார் வைத்து உறிஞ்சுவது முனிசிபாலிட்டி சட்டப்படியே தப்பு. ஆனாலும் சந்துக்குச் சொந்தமாக ஒரு விதி வைத்திருந்தார்கள்: தண்ணீர் வந்த முதல் அரை மணி நேரம் யாரும் மோட்டார் போடக் கூடாது. அந்த நேரத்தில் கடைசி வீடு பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அவரவர் இஷ்டம்.

கடைசி வீடு பேச்சியக்காவுடையது. இட்லி வியாபாரம். அவர் வீட்டு இட்லி விடிவதற்குள் சைக்கிளில் மாட்டுங்கா, தாதர் வரைக்கும் போகும். மாலையில் தண்ணீர் வந்தால்தான் அரிசி களைந்து மாவாட்ட முடியும். அந்த அரை மணி நேரம்தான் அவர் பிழைப்பு.

ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்ததும் முதலில் நாம் வாசித்துக் காட்டும் வாக்கியம் உங்களுக்கு இப்போது மனப்பாடம் ஆகியிருக்கும். நீங்கள் சொல்வதை உங்கள் பேரோடு வேறு யாருக்கும் சொல்ல மாட்டோம். அதை வாசித்துவிட்டு, விதி நேரத்தில் நீங்கள் எப்போதாவது மோட்டார் போடுவதுண்டா என்று கேட்டேன்.

முதல் வீடு செல்லத்துரை அண்ணாச்சியுடையது. சந்து முனையில் மளிகைக் கடை வைத்திருந்தார், சந்துக்குப் பெரியவரும் அவர்தான். அந்த விதியைப் போட்டவரே அவர். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்ககிட்ட மறைச்சி என்ன தங்கச்சி. பேரன் வந்திருக்கான், துணி ஜாஸ்தி. ஒரு அஞ்சு நிமிசம் போடுவோம். அஞ்சே நிமிசம். மத்தவன்லாம் போட மாட்டான், அதனால ஒண்ணும் கொறயாது பாத்துக்கிடுங்க."

இரண்டாம் வீட்டில் மாமியார் படுக்கையில் இருந்தார், அதனால் அஞ்சு நிமிஷம். மூன்றாம் வீட்டில் மகளுக்குக் கல்லூரி, தலைக்குக் குளிக்க வேண்டும், அஞ்சு நிமிஷம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நியாயமான காரணமும் அஞ்சு நிமிஷமும் இருந்தன. எல்லாரும் மற்றவர்கள் போடுவதில்லை என்று நம்பினார்கள், அல்லது நம்புவதாகச் சொன்னார்கள். பேச்சியக்காவும் போடுவாராம். "முனையில எவனோ உறிஞ்சுதாம்ட்டி. நான் மட்டும் விரதம் இருந்தா வாய்க்குள்ளயா வந்து விழும்?" என்றார்.

போடாத ஒரே வீடு ஆறாம் வீடு. ராம்சரண் என்று ஒரு தையல்காரர், பீகார்ப் பக்கம், வாடகைக்கு இருந்தார். மனைவி பெயர் கீதா. அந்த ஒரே அறையில் தைக்கிற மிஷின், துணி மூட்டைகள், இரண்டு குடம், ஒரு டிரம். தண்ணீர் மோட்டார் கிடையாது. கட்டிலே கிடையாது, அடியில் தள்ளி வைக்க. ஆனால் அவருடைய தையல் மிஷின் கரண்ட்டில் ஓடுவது. நாலு மணிக்கு அவர் தைத்துக்கொண்டிருந்தால் வெளியே நிற்பவருக்கு ஒரு மோட்டார் உறுமுவது போலத்தான் கேட்கும்.

அப்போது கோடை. தண்ணீர் வரத்தே குறைந்துவிட்டது. பேச்சியக்கா வீட்டில் குழாய் காற்றை ஊத ஆரம்பித்தது. இரண்டு நாள் மாவாட்ட முடியவில்லை, இட்லி போகவில்லை, வாடிக்கை வேறு ஆளிடம் போனது. அவர் சந்தில் நின்று கத்தினார். யார் மோட்டார் போடுவது என்ற பேச்சு வந்தது. ஏழு வீட்டுக்காரர்களும் ஆறாம் வீட்டைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி கடை முன்னால் கூடினார்கள். நான் கடைசி இரண்டு பதில்களை வாங்குவதற்காகப் போயிருந்தேன். மாட்டிக்கொண்டேன்.

"பைப்ப வெட்டிர வேண்டியதுதான்" என்றார் அண்ணாச்சி. "வாடகைக்காரனுக்கு என்ன பாத்தியத? ஓனருக்கு ஃபோன் போட்டாச்சி. டோம்பிவிலில உக்காந்துக்கிட்டு, எனக்கு இந்தச் சண்ட லஃப்டா எல்லாம் வேண்டாம், வாடக பாடா வந்தா சரி, நீங்களே பாத்துக்கிடுங்கன்னுட்டாரு."

ராம்சரண் தான் போடவில்லை என்று இந்தியில் சொன்னார். வந்து பாருங்கள் என்று வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

"நீ ஒளிச்சு வச்சிட்டுத்தானே தெறக்க" என்றார் மூன்றாம் வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். மோட்டாரை எங்கே ஒளிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியாதா?

கீதா என்னையே பார்த்தாள். அப்போதுதான் யாரோ சொன்னார்கள்: "சர்வேக்கா எல்லா வீட்லயும் போயி உக்காந்து கேட்ருக்காங்கள்லா. அவங்களே சொல்லட்டும்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். முந்தின வாரம் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திய அதே மனிதர், இப்போது சத்தமாக, "சொல்லுங்க தங்கச்சி. இவன் போடுதானா இல்லியா?" என்றார். அவர் முகத்தில் துளி பயம் இல்லை. நான் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அல்லது தான் சொன்னதையே அவர் மறந்திருக்கலாம்.

நான் நின்ற இடம் புரிகிறதா உங்களுக்கு? ஆறாம் வீடு போடவில்லை என்று சொன்னால் அப்புறம் யார் என்று கேட்பார்கள். ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னவள் மற்ற வீடுகளைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரைப் பற்றியும் சொல்ல மாட்டேன் என்றால், ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பேசாமல் இருப்பது எப்போதும் எனக்குக் கைகொடுத்த ஒன்று. அன்றைக்கு மட்டும் அதுவே சாட்சி ஆகிவிடும் போலிருந்தது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. சார் பேசிப் பேசிக் கொஞ்சம் கணக்குப் பார்க்கிற புத்தி எனக்கும் ஒட்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

"பைப்ப வெட்டுனா திரும்பப் போடுறது கஷ்டம் அண்ணாச்சி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "நாளைக்குத் தண்ணி வர்ற நேரத்துக்கு இவங்க வீட்டு ஃபியூஸ் கட்டைய மட்டும் பிடுங்கிப் பாருங்க. கரண்ட் இல்லாட்டி மோட்டார் ஓடாதுல்ல. அப்பவும் கடைசி வீட்டுக்குத் தண்ணி வரலேன்னா இவங்க இல்ல."

சந்து முனையில் எட்டு மீட்டர்களும் ஒரே பெட்டியில் இருந்தன, வீட்டுக்கு ஒரு ஃபியூஸ் கட்டை. பிடுங்குவது ஒரு நொடி வேலை. எல்லாருக்கும் யோசனை பிடித்துவிட்டது. எனக்கும்தான். மற்ற வீட்டுக்காரர்கள் வழக்கம்போல அஞ்சு நிமிஷம் போடுவார்கள், பேச்சியக்காவுக்குத் தண்ணீர் வராது, ராம்சரண் தப்பித்துவிடுவார், நானும் யாரையும் காட்டிக்கொடுத்தவள் ஆக மாட்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் நாலு மணிக்கு நானும் போனேன். அண்ணாச்சி பெட்டியைத் திறந்து ஆறாம் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ராம்சரணின் மிஷின் நின்றது. தண்ணீர் வந்தது.

சந்து அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. வழக்கமாக அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு உறுமல் இருந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு எட்டு பைப்பிலும் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். அடுத்த நிமிஷம் சந்தின் கடைசியிலிருந்து பேச்சியக்காவின் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அங்கே குழாய் பீய்ச்சி அடித்தது. குடம், அண்டா, டிரம் எல்லாம் நிரம்பி வாசலில் வழிந்தது.

"பாத்தீரா! பாத்தீரா வே!" என்று அண்ணாச்சி தொடையைத் தட்டினார். "ஒரு மோட்டார் நின்னதும் எப்படிப் பாயுதுன்னு பாத்தீரா!"

அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆறாம் வீட்டுக்குக் கரண்ட் இல்லாதபோது தண்ணீர் வராவிட்டால் பழி தங்கள் மேல் வரும் என்று மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் யோசித்திருக்கிறார்கள். தனித்தனியாக, யாரும் யாரிடமும் சொல்லாமல். அன்றைக்கு ஒருவர்கூட மோட்டார் போடவில்லை. நான் ராம்சரணுக்கு வைத்த பரீட்சையை மற்றவர்கள் எழுதிப் பாஸ் செய்துவிட்டார்கள். தப்பே செய்யாத ஆள் மேல் தப்பு நிரூபணம் ஆகிவிட்டது. நிரூபிக்கிற வழியைச் சொல்லிக் கொடுத்தது நான்.

நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. ஒருவரைச் சோதிப்பதாக நாம் நினைக்கும்போது சுற்றி நிற்பவர்கள் மரக்கட்டைகள் இல்லை. அவர்களுக்கும் நாம் செய்வது தெரிகிறது.

பிளம்பர் ரெஞ்சோடு ஏற்கனவே வந்து நின்றுகொண்டிருந்தான். நான் சந்துக்கு வெளியே ஓடி மேடத்துக்கு ஃபோன் செய்தேன். மேடம் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம், அங்கத்திய ஐயர் வீட்டுத் தமிழ்தான் பேசுவார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்லிட்டேள்னா நாளைக்கு தாராவில ஒருத்தரும் நமக்குக் கதவத் திறக்கமாட்டா. சொல்லலேன்னா அந்தக் குடும்பத்துக்குத் தண்ணி போயிடும். ரெண்டுமே நேக்குத் தெரியறது. அதுக்கு மேல நேக்கு ஒண்ணும் தெரியல. அங்க நிக்கறது நீங்கதானே."

அப்போது எனக்குக் கோபம் வந்தது. பெரிய படிப்புப் படித்தவர், ஒரு வழி சொல்லக்கூடாதா என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஃபோனில் சொல்லுகிற மேலதிகாரி கிடைப்பது அபூர்வம். ஆனால் அது எனக்கு உதவியதா என்றால், இல்லை.

திரும்பிப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேனா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். வாயைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குள் பேச்சியக்கா ஈரக் கையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"பைப்ப வெட்டாதிய" என்றார். "அந்த ஃபியூஸ எங்கிட்ட குடுங்க."

"என்னத்துக்கு?"

"நாலு மணிக்கு நான் வாங்கி வச்சுக்கிடுதேன். அரை மணி கழிச்சி குடுத்துருதேன். தெனமும்."

"கள்ளப் பயலுக்கு என்ன கரிசனம் ஒமக்கு?" என்றார் அண்ணாச்சி.

"கரிசனமுமில்ல ஒரு கத்திரிக்காயுமில்ல. பைப்ப வெட்டுனா அவன் நேரா முனிசிபாலிட்டிக்குப் போவான். ஆபீசரு வந்து அவன் வீட்ட மட்டுமா பாப்பான்? ஒம்ம வீட்டுக் கட்டிலுக்கு அடியிலயும் குனிஞ்சு பாப்பாம்லா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி பையிலிருந்து ஃபியூஸை எடுத்துக் கொடுத்தார். பிளம்பருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

ராம்சரணிடம் இந்தியில் விளக்கினார்கள். தினமும் அரை மணி நேரம் மிஷின் நிற்கும். அவருக்குக் கூலி தைக்கிற உருப்படிக்கு. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "டீக் ஹை. பானி மத் காட்னா" என்றார். சரி, தண்ணீரை மட்டும் வெட்டாதீர்கள் என்று. கீதா உள்ளே போகிறபோது என் அருகில் ஒரு நொடி நின்றாள். "தீதீ, ஆப்கோ தோ மாலூம் தா" என்றாள். அக்கா, உங்களுக்குத்தான் தெரியுமே என்று. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் பேச்சியக்காவின் பின்னாலேயே போனேன். அவர் அரிசி களைய உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஆள் போடலேன்னு ஒங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டேன். நான் சொன்னதாக ஆகிவிடக் கூடாதே என்று கேள்வியாகவே கேட்டேன்.

"ஏட்டி, ஒரு மோட்டார் நின்னா இப்படியா பாயும்? எல்லாவனும்லா நிறுத்திட்டான்."

"அப்புறம் ஏன் அங்க சொல்லல?"

"சொன்னா என்னாவும்? எல்லாரும் கள்ளன்னு ஆயிரும். எல்லாரும் கள்ளன்னா பொறவு எவனுக்கு எவங்கிட்ட வெக்கம்? நாளைக்கே எட்டு மோட்டாரும் உறுமும். இப்ப பாரு, அவன் ஃபியூசு எங்கையில. இனிமே தண்ணி கொறஞ்சா அவன்னு சொல்ல முடியாது. மத்த எவனோதான்னு ஆயிரும்லா. அந்தப் பயத்துலயே ஒருத்தனும் போட மாட்டான்."

"அவர் பேரு கெட்டுப்போச்சேக்கா."

"போச்சிதான்" என்றார். தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி ஊற்றினார். "கனெக்சன் இருக்குல்லா."

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அலுவலகத்தில் வந்து பெயர்கள் இல்லாமல் சொன்னேன். சார் எழுந்து போய்ப் பலகையில் கட்டம் போட்டு வரைந்தார். அவர் முகம் பண்டிகைக்குப் புதுச் சட்டை போட்ட பையன் மாதிரி இருந்தது. விதி மேலே இருந்து வர வேண்டியதில்லை, தன்னலத்துக்கு உள்ளேயே விதி முளைக்கிறது, பாருங்கள் என்றார். கடைசி வீட்டுப் பெண் தனக்குத் தண்ணீர் வர வேண்டும் என்று மட்டும்தான் யோசித்தாள், அதனாலேயே எட்டு வீட்டுக்கும் ஒழுங்கு வந்துவிட்டது என்றார்.

மேடம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நன்னாத்தான் இருக்கு. அந்தத் தையல்காரர் மிஷின் தினமும் அரை மணி நிக்கறதே, அது இதுல எந்தக் கட்டத்துல வரது?" என்று கேட்டார்.

சார் அதற்கும் ஒரு கட்டம் போட்டார். மேடம் அதைப் பற்றி வேறொன்று கேட்டார். அவர்கள் பேச்சு ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. நான் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சார் சொன்னது தப்பு என்று எனக்குப் படவில்லை. அப்படியே நடந்ததைத்தான் அவர் சொன்னார். மேடம் கேட்டதும் நடந்ததுதான்.

அடுத்த வருஷம் அதே சந்துக்கு இரண்டாம் சுற்று போனேன். அதே கேள்விகள். விதி நேரத்தில் மோட்டார் போடுவதுண்டா? எட்டு வீட்டிலும் இல்லை என்றார்கள். இந்த முறை அது உண்மை. நாலு மணிக்கு நின்று காது கொடுத்துக் கேட்டேன், ஒரு உறுமலும் இல்லை. ஏன் போடுவதில்லை என்று கேட்டேன். மாட்டிக்கொள்வோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"அது தப்பில்லா? அடுத்தவன் வயித்துல அடிக்க மாதிரி" என்றார் அண்ணாச்சி. "முன்ன அந்தத் தையல்காரன் பண்ணுன அக்கிரமத்துல பேச்சி பட்ட பாடு இருக்கே, அதுலேர்ந்து இந்தச் சந்துல ஒருத்தன் மோட்டாரத் தொட மாட்டான்."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். நடிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. போன வருஷம் பேரன் துணிக்காக அஞ்சு நிமிஷம் போட்ட மனிதர் எங்கே போனார் என்று தெரியவில்லை. அவர் இப்போது சொல்வதை முழு மனதோடு நம்பினார். நம்புவதால் நன்றாகவும் நடந்துகொண்டார். இதை எந்தப் பதிலில் தட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. 'விதி எப்போதும் பின்பற்றப்படுகிறது' என்பதில் தட்டினேன்.

பேச்சியக்கா தினமும் அரை மணி கழித்து ஃபியூஸைத் திருப்பிக் கொடுக்கும்போது கூடவே ஒரு கிண்ணம் மாவும் கொடுத்துவிடுவார் என்று அப்போது தெரிந்தது. கீதாவுக்கு முதலில் அதை என்ன செய்வதென்று புரியாமல், ரொட்டிக் கல்லில் ஊற்றித் தடிதடியாகச் சுட்டிருக்கிறாள். பிறகு பழகிவிட்டது. சந்தில் எல்லாரும் பேச்சியக்காவின் பெரிய மனதைப் புகழ்ந்தார்கள். கள்ளனுக்கும் மாவு கொடுக்கிறாளே என்று. கீதா மாவை வாங்கிக்கொண்டாள். நான் கேட்க வந்த கேள்விகளுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். அக்கம்பக்கத்தாரை நம்புகிறீர்களா என்ற கேள்வி வந்தபோது, "அதை விட்டுவிடுங்கள் தீதீ" என்றாள். விட்டுவிட்டேன். பதில் வாங்காமல் விடக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். சில சமயம் விடலாம்.

சில மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே என்று சந்தில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

நான் வேலையை விடுவதற்கு முன் கடைசியாகப் போன சுற்றில் அந்தச் சந்தும் இருந்தது. கள்ளன் போய்விட்டான், இனி யாருடைய ஃபியூஸைப் பிடுங்குவார்கள், எல்லா மோட்டாரும் மறுபடி உறுமிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். நாலு மணிக்குச் சந்து அமைதியாகத்தான் இருந்தது.

ஆறாம் வீட்டில் ரேவதி என்று ஒரு பெண் குடிவந்திருந்தாள். கைக்குழந்தைக்காரி, நம் தமிழ்ப் பெண். நான் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்பதற்குள், "ஒரு நிமிஷம்க்கா" என்று குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். சந்து முனைக்குப் போய் ஃபியூஸ் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மேலே ஃபேன் நின்றுபோயிருந்தது.

"இத எதுக்கும்மா எடுத்துட்டு வந்த?"

"பேச்சியக்காட்ட குடுக்கணும். இந்தக் கோலிக்கு, இந்த ரூமுக்கு, அப்படித்தான். ஓனர் மொதல்லயே சொல்லிட்டாரு, பாடா இவ்வளவு, லைட் பில் தனி, நாலு மணிக்கு ஃபியூஸ் குடுக்கணும்னு."

"வேற வீட்ல எல்லாம் குடுக்கிறாங்களா?"

"இல்ல, இந்தக் கோலி மட்டும்தான்."

"ஏன்னு கேக்கலியா?"

"கேட்டேனே. குடுத்தாத்தான் தண்ணி எல்லாருக்கும் ஒழுங்கா வருமாம். வருதுக்கா, நெஜமாவே. பாப்பாக்குத்தான் புழுக்கமா இருக்கும், அழுவா. அரை மணிதானே." சிரித்தாள். "மாவு வேற குடுக்கிறாங்க."

குழந்தைக்கு நெற்றி வேர்த்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாயிலிருந்து வந்தது என் குரல்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"முன்னால இங்க இருந்த தையல்காரர் மோட்டார் போடலம்மா. அவங்ககிட்ட மோட்டாரே கெடையாது."

இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் நான் சொன்னது அந்த ஒரு முறைதான். ரேவதி ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எந்தத் தையல்காரர்?" என்று கேட்டாள்.

கடைசி வீட்டிலிருந்து பேச்சியக்கா கூப்பிட்டார். அவள் ஓடினாள். திரும்பி வந்தபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது, அவள் கேட்டதை மறந்துவிட்டாள். நான் நாலாவது கேள்விக்குப் போனேன்.

அடுத்த சுற்றில் அந்தச் சந்து உங்களில் ஒருவருக்கு வரும். ரேவதிக்கு அந்தக் கேள்வி ஞாபகம் வந்து உங்களிடம் கேட்டாலும் கேட்கலாம். தண்ணீர் நேரத்தில் கேட்டால், அவள் ஃபியூஸைக் கொடுத்துவிட்டு வரும்வரை குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு விசிறி இருந்தால் வீசுங்கள். அதற்குள் உங்களுக்கு ஒரு பதில் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை.